எத்தனை மாடு குடுப்பாங்க?

“படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்.” தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம் போனவங்க யாரா இருந்தாலும் இதைக் கேட்டிருப்பீங்க. வாத்தியார் சொல்லியிருப்பாரு, இல்லைன்னா அப்பா சொல்லியிருப்பாரு, யாருமே சொல்லலைன்னா பக்கத்து வீட்டு மாமாவாவது சொல்லியிருப்பாரு. சென்னையில பதினாலாவது மாடி வீட்டுலகூட இதைச் சொல்றாங்கன்னு எங்க சொந்தக்காரப் பையன் சொன்னான். அங்க மாட்டை எந்த லிப்டுல ஏத்துவாங்களோ தெரியலை.

இந்த வாக்கியத்தை நிறுத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா எண்ணம். நான் மாடு வச்சிருக்கிறவன், அதனால கோவத்துல பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க. என் வீட்டுக்குள்ள வந்து இந்த ஒத்தை வாக்கியம் பண்ற கூத்தைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

நமக்குக் காங்கயம் பக்கம். ஆறு ஏக்கர் பூமி, அதுல நாலு ஏக்கர் கொறங்காடு. மிச்சத்துல சோளம், கொஞ்சம் தென்னை. காங்கயம் மாடு மூணு, கன்னு ரெண்டு, ஆடு பதினாலு. பசங்க ரெண்டு பேரு. பெரியவன் அஞ்சாவது, சின்னவன் ரெண்டாவது. எனக்கு வயசு 53.

கணக்குப் போட்டுப் பாத்துட்டு “என்னங்க இத்தனை லேட்டு”ன்னு கேப்பீங்க. லேட்டானதுக்குக் காரணமே மாடுதானுங்க. 29 வயசுல எனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சாங்க. 41ல கல்யாணம் ஆச்சு. நடுவுல பன்னண்டு வருசம் நாங்க போகாத ஊரு இல்லை, குடிக்காத காப்பி இல்லை. காப்பி எல்லாம் வந்ததும் கேப்பாங்க, “மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?” தோட்டம் பாக்கறாரு, மாடு கன்னு இருக்குதுன்னு எங்கம்மா பெருமையாச் சொல்லும். அதுக்கப்புறம் பலகாரத் தட்டு வராது. போகப் போக எங்க பெரியப்பா உஷாராயிட்டாரு. “பலகாரம் தின்னு முடிச்சப்புறம் தொழிலைச் சொன்னாப் போதும்”னு எங்கம்மாகிட்டச் சொல்லி வச்சாரு. கடைசியா மூலனூர்ப் பக்கம் ஒரு வீட்டுல, பொண்ணே கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுச்சு, “மாடு எத்தனைங்க?” அவங்கதான் இப்ப எங்க வீட்டுக்காரம்மா.

அப்படிக் கட்டினதால பசங்க பள்ளிக்கூடத்துக்குப் போனா, புதுசா வர்ற டீச்சர் யாரா இருந்தாலும் “அப்பாரு வந்திருக்கீங்களா, அப்பா வரலைங்களா?”ன்னுதான் கேப்பாங்க. பெரியவன் தலையைக் குனிஞ்சுக்குவான். சின்னவன்தான் விளக்கம் சொல்லுவான். “இவருதானுங்க மிஸ் எங்கப்பா. நாங்கதான் லேட்டாப் பொறந்துட்டோம்.”

சரி, விசயத்துக்கு வர்றேன். போன ஆடி மாசம் ஒரு நாள் சின்னவன் வேன்ல இருந்து எறங்கி ஓடி வந்தான். மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். “அப்பா, படிக்கலைன்னா மாடு மேய்க்க அனுப்பிருவேன்னு மிஸ் சொல்லிட்டாங்க. எத்தனை மாடு குடுப்பாங்க?” பையன் அம்மாவைக் கொண்டிருக்கான்.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. சிரிச்சா மிஸ்ஸை மதிக்காத மாதிரி ஆயிரும், அதட்டினா மாடு கேவலம்னு ஆயிரும். மறுநாள்ல இருந்து பையன் வீட்டுப்பாடம் எழுதறதை விட்டுட்டான். கேட்டா, “நான்தான் மாட்டுக்குச் சேந்துட்டேனே”ங்கிறான். நாலு நாள் இப்படியே ஓடுச்சு. அஞ்சாவது நாள் எங்க வீட்டுக்காரம்மா அவனைக் கொறங்காட்டுப் படல்கிட்டக் கூட்டிட்டுப் போயி, “சாயங்காலம் எத்தனை உருப்படி உள்ள வந்துச்சுன்னு எண்ணிச் சொல்லு, ஒண்ணு கொறஞ்சாலும் இருட்டுல நீதான் போயித் தேடணும்”னு நிறுத்திட்டு வந்துட்டாங்க. ஆடு பதினாலும் ஒண்ணா முண்டியடிச்சு வந்தா யாரால எண்ண முடியும்? முதல் நாள் பதினொண்ணுங்கிறான், அடுத்த நாள் பதினேழுங்கிறான். மூணாவது நாள் காலை எண்ணி நாலால வகுத்தா வந்துரும்னு பெரியவன் ஐடியா குடுத்தான். சின்னவனுக்கு வகுத்தல் தெரியாது. ஆட்டுக்காலை எண்றேன்னு வேலியோரமாப் படுத்தே போயிட்டான். அப்புறம் அவனா வந்து நோட்டை எடுத்துட்டு உக்காந்தான். “மாடு மேய்க்கிறதுக்கு ரொம்பப் படிக்கணும் போலிருக்குதும்மா”ன்னு அவங்கம்மாகிட்டச் சொன்னான்.

இன்னொண்ணும் இருக்குதுங்க. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் வந்து பாத்தீங்கன்னா, மாட்டுக்குப் பின்னால குச்சியைத் தூக்கிட்டு ஆள் அலையறதை அதிகமாப் பாக்க முடியாது. கொறங்காடுன்னா சுத்தியும் கிளுவை உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். காலையில படலைத் திறந்து விட்டாப் போதும். மாடும் ஆடும் உள்ளயே மேஞ்சுட்டு, நெழல்ல படுத்துட்டு, வெள்வேலக்காய் விழுந்தாப் பொறுக்கிட்டு, பொழுது சாய்ஞ்சா தானா வந்து படல்கிட்ட நிக்கும். எங்க பக்கம் மாடு மேய்க்கிறது வேலிதானுங்க. படிக்காதவனுக்குன்னு டீச்சர் ஒதுக்கி வச்சிருக்கிற அந்த வேலை இங்க காலியே இல்லை.

மனுசனுக்கு இருக்கிற வேலை வேற. வேலியில ஓட்டை விழுந்தா அடைக்கணும், தாழியில தண்ணி நிக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு கன்னு போட்டா கூட இருக்கணும். அதைவிட, பாத்துத் தெரிஞ்சுக்கிறது நெறைய இருக்கு. என் பசங்க அதை எப்படித் தெரிஞ்சுக்கிறாங்கங்கிறதுதான் எங்க வீட்டுல தெனமும் ஓடுற சினிமா.

காங்கயம் கன்னு பொறக்கும்போது செவலையாப் பொறக்கும். ஆறு மாசம் ஆகும்போது அந்தச் செவப்பு போயி மயிலை நெறத்துக்கு வந்துரும். இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், சின்னவனுக்குத் தெரியாது. பொறந்ததுல இருந்து ஒரு கன்னை அவன்தான் குளிப்பாட்டுவான். அவங்கம்மா சோப்பைத் திருடிட்டுப் போயி தினமும் தேய்ப்பு. ஆறு மாசத்துல கன்னு வெளுக்க ஆரம்பிச்சுது. பையன் அழுதுட்டு ஓடி வந்தான், “அப்பா, தேய்ச்சுத் தேய்ச்சுச் சாயம் போயிருச்சு!” அவன் தாய்மாமன் திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை பாக்கறாரு. அன்னிக்கே அவருக்குப் போன் போடச் சொல்லி, “மாமா, நல்ல செவப்பா, தொவைச்சாலும் போகாத சாயமா ஒண்ணு கொண்டு வாங்க”ன்னு ஆர்டர் குடுத்துட்டான். மாமன் மனுசன் நக்கல் புடிச்சவரு. “எத்தனை மீட்டர் வருது மாப்ளே?”ன்னு கேட்டாரு. இவன் நூலை எடுத்துட்டுக் கட்டுத்தரைக்குப் போயிட்டான் அளக்க.

பல்லு கதை அதுக்கும் மேல. மாட்டுக்கு வயசு பல்லுலதான் பாப்போம். பல்லு போடாத கன்னு, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, அப்புறம் கடை சேர்ந்ததும்போம். ரெண்டு பல்லுன்னா ரெண்டு ரெண்டரை வயசு. போன வருசம் சின்னவனுக்கு மேல் முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. பெரியவன் சும்மா இருப்பானா? “மாட்டுக்கு மேல முன்பல்லே கிடையாதுடா. உனக்கும் இல்லை. நீ மாடாயிட்டே, இனி உனக்குத் தட்டுதான் சாப்பாடு”ன்னுட்டான். அவன் சொன்னது நெசந்தான், மாட்டுக்கு மேல்தாடையில முன்பல்லு இல்லை, வெறும் ஈறுதான். சின்னவன் நேரா மாட்டுகிட்டப் போயி வாயைத் தூக்கிப் பாத்தான், கண்ணாடியில தன் வாயையும் பாத்தான், அழுவான்னு பாத்தா ஒரு சோளத்தட்டை எடுத்துட்டுத் திண்ணையில உக்காந்து மென்னுட்டு இருக்கான்.

அப்புறம் புதுசா ரெண்டு பல்லு மொளைச்சுது. காங்கயம் பஸ்ஸுல போகும்போது கண்டக்டர், “தம்பிக்கு என்ன வயசுங்க?”ன்னு கேட்டாரு. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள அவன் வாயைத் தெறந்து காட்டினான். “ரெண்டு பல்லுங்க.” கண்டக்டரும் நம்ம பக்கத்து ஆளு போல. குனிஞ்சு உள்ள நல்லாப் பாத்துட்டு, “ரெண்டு பல்லுக்கு அரை டிக்கெட்டுடா கண்ணு”ன்னு கிழிச்சுக் குடுத்தாரு.

சுழி பாக்கறதையும் அவன் விடலை. மாட்டுக்குச் சுழி எங்க இருக்குது, எப்படி இருக்குதுங்கிறதை வச்சு விலை ஏறும், எறங்கும். எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்லை, ஆனா வாங்க வர்றவன் பாப்பான். எங்க சகலை கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்தாரு. கீழ உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு. சின்னவன் அவருக்குப் பின்னால நின்னு தலையையே பாத்துட்டிருந்துட்டுக் கத்துறான், “அப்பா, சித்தப்பாவுக்குச் சுழியே இல்லீங்கப்பா! வாங்கலாமா, வேண்டாமா?” சகலைக்கு முன்வழுக்கை, பின்வழுக்கை ரெண்டும். பாவம், ரசத்தை வாங்காமயே எந்திரிச்சுட்டாரு.

இதெல்லாம் தெரிஞ்சாப் போதும், பள்ளிக்கூடம் எதுக்குன்னு நான் பேச வரலைங்க. பட்டணத்துல இருந்து வர்ற சிலபேரு அப்படிப் பேசுறாங்க. கன்னுக்குட்டியோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, “உங்க பசங்க குடுத்து வச்சவங்க, எங்க பசங்களுக்கு இதெல்லாம் இல்லையே”ன்னு பெருமூச்சு விடுவாங்க. அந்த நேரத்துல என் பசங்க ரெண்டு பேரும் அவங்க கார்ல ஏசியைப் போட்டுட்டு உள்ள உக்காந்திருப்பாங்க. மழை பொய்ச்ச வருசத்துல தட்டு விலைக்கு வாங்கி மாட்டைக் காப்பாத்துறவனுக்குத்தான் தெரியும் இதுல என்ன இருக்குதுன்னு. நான் பன்னண்டாவதோட நின்னவன். என் பசங்க ரெண்டு பேரும் படிக்கணும், நல்லாவே படிக்கணும். எதுக்குப் படிக்கணும்ங்கிறதுக்குக் காரணமா என்னையக் காட்ட வேண்டாம்கிறேன், அவ்வளவுதான்.

பசங்களுக்கு இதுல இருக்கிற ஓட்டை சீக்கிரமே தெரிஞ்சுருது. ஒரு தடவை சினை பாக்க மாட்டு டாக்டர் வந்திருந்தாரு. தோள்பட்டை வரைக்கும் உறை மாட்டி உள்ள கையை விட்டு நின்னுட்டிருக்காரு. சின்னவன் ரொம்ப எரக்கமாக் கேட்டான், “நீங்க சின்ன வயசுல படிக்கலீங்களா டாக்டர்?” அவரு சிரிச்ச சிரிப்புல மாடே நவுந்துருச்சு. “அஞ்சரை வருசம் படிச்சேன் தம்பி, இந்த எடத்துக்கு வர்றதுக்கு”ன்னாரு. நெசம்தானே. கால்நடை மருத்துவம் படிக்கணும்னா பன்னண்டாவதுல எத்தனை மார்க் வேணும்னு பன்னண்டாவது முடிச்ச பிள்ளை வச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. நல்லாப் படிச்சா மாட்டுகிட்டப் போகலாம், படிக்கலைன்னாலும் மாட்டுகிட்டத்தான் போகணும்னா, சின்னப் பையன் எதை எடுத்துக்குவான்? படிக்காமப் போறதுதானே சுருக்கு வழி.

மிஸ்ஸைப் பாத்தும் பேசினேன். சண்டைக்குப் போகலை, மார்க் அட்டையில கையெழுத்துப் போடப் போனப்ப மெதுவாத்தான் சொன்னேன். “நீங்க அப்படிச் சொன்னதுல இருந்து பையன் படிக்கறதை நிறுத்திட்டானுங்க”ன்னேன். அவங்க சிரிச்சுட்டு, “பழக்கத்துல வாயில வந்துருதுங்கண்ணா”ன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. அவங்கப்பா ஆடு மேய்ச்சவரு. தினமும் ராத்திரி அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு இதே வாக்கியத்தைச் சொல்லுவாராம். அதனாலதான் இன்னிக்கு டீச்சரா இருக்கேன்னாங்க.

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலைங்க. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அந்தப் பெரியவர் சொன்னதுல தப்பே இல்லை. அவரு தன் காலு முள்ளைக் காட்டிச் சொன்னாரு. என் கஷ்டம் உனக்கு வேண்டாம் சாமின்னு சொன்னாரு. அது அவரோட வாக்கியம், அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கு. அதே வாக்கியத்தை முப்பது பிள்ளைக உக்காந்திருக்கிற வகுப்புல, அதுல ஏழெட்டுப் பேரோட அப்பன் இப்பவும் மாடு வச்சிருக்கும்போது, நாற்காலியில உக்காந்து சொன்னா அது வேற ஆயிருது. அங்க அது கஷ்டத்தைச் சொல்லலை, அந்த ஏழெட்டு அப்பனுக்கும் மார்க் போடுது. பெயில் மார்க்.

“வேற என்ன சொல்லி மிரட்டறதுங்கண்ணா?”ன்னு மிஸ் கேட்டாங்க. நான் யோசிக்கறதுக்குள்ள சின்னவன், “படிக்கலைன்னா மறுபடியும் இதே கிளாஸ்ல உக்கார வச்சிருவேன்னு சொல்லுங்க மிஸ், பயமா இருக்கும்”னான். பெரியவன் பக்கத்துல இருந்து, “எட்டாவது வரைக்கும் பெயிலே கிடையாதுடா”ன்னுட்டான். அந்த மிரட்டலும் போச்சு.

இன்னொரு கூத்தையும் சொல்லணும். 2017 தை மாசம் மெரினாவுல அத்தனை ஜனம் கூடுச்சு. போன்ல எல்லாம் திமிலைத் தூக்கிட்டு நிக்கிற காளைப் படம். எனக்கும் சந்தோசம்தானுங்க. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் மாதிரி ஆளுக தலைமுறை தலைமுறையாப் பாத்து வளத்ததாலதான் காங்கயம் மாடுங்கிற பேரு இன்னிக்கு நாடு பூரா தெரியுது. ஆனா பட்டணத்துக்காரங்க கணக்கு எனக்குப் புரியறதே இல்லை. காளைன்னா வீரம், அதைக் கட்டிப் புடிச்சு வளக்கிறவன் படிக்காத மக்கு. படம் வேணும், படத்துக்குப் பின்னால கயித்தைப் புடிச்சுட்டு நிக்கிற ஆளு வேண்டாம். எங்க பக்கம் கொறங்காடெல்லாம் ஒவ்வொண்ணா வித்துட்டு இருக்காங்க. விலை கெடைக்குதுன்னு விக்கிறவங்க உண்டு. பையன் வர மாட்டான், அவனுக்குப் பொண்ணும் தர மாட்டாங்கன்னு விக்கிறவங்கதான் எனக்குத் தெரிஞ்சு அதிகம்.

சின்னவனைப் பத்தி எனக்குக் கவலை இல்லை, அவன் இன்னும் பாதி மாடுதான். பெரியவன்தான். அவனுக்கு இந்த வருசம் பத்து வயசு. போன மாசம் அவன் பள்ளிக்கூட டைரியில முதல் பக்கத்தைப் பாத்தேன். அப்பா தொழில்னு போட்ட எடத்துல, அவன் கையெழுத்துலயே, “பிசினஸ்”னு எழுதியிருந்தான். நான் ஒண்ணும் கேட்டுக்கலை. வேன் வராத நாள்ல எக்ஸெல் வண்டியில கூட்டிட்டுப் போனா, “கேட்டுக்கு முன்னாலயே எறக்கி விட்டுருங்கப்பா”ங்கிறான். வண்டியில பின்னால தட்டுக்கட்டு இருந்தா அதுக்கும் முன்னால. யாரும் அவனைத் திட்டலை, அடிக்கலை. நாலஞ்சு வருசமா வகுப்புல அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கான், சின்னவன் மாதிரி சந்தோசமா ஓடி வராம, உள்ள வச்சுக்கிட்டான்.

போன ஞாயித்துக்கிழமை அவனோட படிக்கிற ரெண்டு பசங்க, காங்கயத்துல அரிசி ஆலை வச்சிருக்கிற வீட்டுப் பசங்க, வீட்டுக்கு வந்தாங்க. வர்றதுக்கு முன்னால பெரியவன் மொகத்துல ஈயாடலை. வந்தவங்க கட்டுத்தரையைப் பாத்துட்டு, “டேய், உங்கப்பா பிசினஸ்னு சொன்னியே?”ன்னு கேட்டுட்டாங்க. நான் உள்ள ரூம்ல இருந்து காதைக் குடுத்துட்டு இருக்கேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இவன் கொரலு கேக்குது. “ஆமா, பிசினஸ்தான். இது காங்கயம் கன்னு. பொறக்கறப்ப செவலை, ஆறு மாசத்துல நெறம் மாறும். மேல பல்லு இருக்காது. பாக்கறதுக்கு ஃப்ரீ. தொட்டுப் பாத்தா அஞ்சு ரூவா.”

ரெண்டு பசங்களும் தொட்டுப் பாத்தாங்க. திமிலைத் தொட தனி ரேட்டாம், அது பத்து ரூவா. அவங்க கெளம்பினப்புறம் வெளிய வந்து பாக்கறேன், முப்பது ரூவா வசூல். சின்னவன் என் துண்டை எடுத்துட்டு வந்து நிக்கறான். “கன்னைக் குளிப்பாட்டினது நான்தான், பங்கு குடு”ங்கிறான். ரெண்டு பேரும் கண்ணபுரம் சந்தை யாவாரிக மாதிரி துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் புடிச்சு, கால் மணி நேரம் வாயைத் தெறக்காம பேசுனாங்க. எத்தனைக்கு முடிஞ்சுதுன்னு எங்கிட்டச் சொல்லலை.